வட்டாரத்தின் வளர்ச்சி அதன் நீரையும் நிலத்தையும் மிஞ்சிவிட்டதா? அளந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

2011 ஜனவரி கடைசியில், திருப்பூரில் இருந்த 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்று அதே நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் 2009-இல் அதை உறுதி செய்தது. இரண்டும் நடைமுறைக்கு வராததால்தான் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் மறுபடியும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. அணையில் தண்ணீர் தேக்க வேண்டாம் என்று பாசன விவசாயிகளே கேட்டார்கள்.

இத்தனை ஆண்டுகளும் ஏற்றுமதிக் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. ஆற்றில் எத்தனை டன் உப்பு இறங்குகிறது, அதைக் கரைத்துக் கொண்டுபோக ஆற்றில் எவ்வளவு நல்ல தண்ணீர் வருகிறது என்பதும் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடியதுதான். அந்தக் கணக்கை ஆண்டுதோறும் பொதுவில் வைத்திருந்தால், பேச வேண்டியதைப் பத்து ஆண்டு முன்பே பேசியிருக்கலாம். பனியன் தொழில் லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. ஒரே நாளில் மூடும் நிலைமை அவர்களுக்கும் வரக் கூடாது, ஆற்றங்கரை விவசாயிக்கும் கிணறு கெடக் கூடாது என்றால், வரம்பு எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

திருப்பூரையும் நொய்யலையும் வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். முறை வேறு ஊருக்கும் பொருந்தும். பள்ளிக்கூடக் கணக்கும், கணினியில் ஒரு விரிதாளும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதும் பொறுமையும் இருந்தால் போதும்.

படி 1: எல்லையை வரையுங்கள்

எல்லாத் தவறும் இங்கேதான் தொடங்குகிறது. பொருளாதாரப் புள்ளிவிவரம் மாவட்டக் கணக்கில் கிடைக்கும். ஆறு மாவட்டக் கோட்டைப் பார்த்து ஓடுவதில்லை. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கு அருகே காவிரியில் சேர்கிறது. வளர்ச்சி ஒரு மாவட்டத்தில் பதிவாகிறது, அதன் உப்பு அடுத்த மாவட்டத்து வயலில் படிகிறது. திருப்பூர் மாவட்டத்தை மட்டும் அளந்தால் பாதிப்பின் பெரும்பகுதி கணக்கிலேயே வராது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. உடுமலையும் தாராபுரமும் அதே திருப்பூர் மாவட்டம்தான். ஆனால் அங்கே விழும் நீர் வடிவது அமராவதி ஆற்றுக்கு, அதாவது அவை அமராவதி வடிநிலம். மாவட்டச் சராசரி எடுத்தால் அமராவதித் தண்ணீர் நொய்யலின் வறட்சியை மறைத்துவிடும்.

அதனால் இரண்டு வரைபடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிர்வாக எல்லை, இன்னொன்று வடிநில எல்லை. வரம்பை எப்போதும் வடிநிலத்தில் கணக்கிடுங்கள். பொருளாதாரத்தை மாவட்டத்திலிருந்து எடுத்து, அந்த வடிநிலத்துக்குள் வரும் பங்கை மட்டும் பிரியுங்கள். வேலைவாய்ப்பு எண்ணிக்கையை வைத்தோ தொழிற்சாலை மின் இணைப்புகளை வைத்தோ பிரிக்கலாம். எதை வைத்துப் பிரித்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள், அடுத்து வருபவர் திருத்திக்கொள்வார். நிலத்தடி நீருக்கு இன்னும் சின்ன அலகு வேண்டும். தமிழ்நாட்டில் அது பிர்கா (வட்டத்துக்குள் சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பகுதி) அளவிலேயே கணக்கிடப்படுகிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

திருப்பூர் மாவட்டம் 2009-இல்தான் கோவை, ஈரோடு மாவட்டங்களிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய எண்களை நேரடியாக ஒப்பிட்டால் வரைகோடு திடீரென்று விழும் அல்லது எகிறும். வட்ட அளவில் பிரித்துச் சேர்த்தால்தான் நீண்ட காலத் தொடர் கிடைக்கும்.

படி 2: எந்த வரம்பு முதலில் முட்டும் என்று கண்டுபிடியுங்கள்

பத்து விஷயத்தை ஒரே ஆழத்தில் அளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் முதலில் முட்டும் வளம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பஞ்சாபில் அது நிலத்தடி நீர்: நெல்லும் விவசாயத்துக்கான இலவச மின்சாரமும் சேர்ந்து, ஆண்டுதோறும் ஊறுவதைப்போல ஒன்றரை மடங்கு இறைக்கிறார்கள். திருப்பூரில் தண்ணீரின் அளவும் முட்டியது, அதைவிட வேகமாக முட்டியது ஆறும் மண்ணும் உப்பைத் தாங்கும் திறன்.

வரம்புகள் மூன்று வகை. முதலாவது, ஆண்டுக்கு ஆண்டு புதிதாக வருவது: மழை, ஊறும் நிலத்தடி நீர், வளரும் புல். வரவுக்குள் செலவு செய்தால் தீராது. இரண்டாவது, எடுத்தால் திரும்பாத இருப்பு: ஆற்றுமணல், கல், ஆழத்துப் பாறை இடுக்கில் பல காலமாகத் தங்கிய நீர். மூன்றாவது, கழிவைத் தாங்கும் திறன்: ஆறு எவ்வளவு அழுக்கைக் கரைத்து ஆற்றிக்கொள்ளும், காற்று எவ்வளவு புகையைக் கலைத்துவிடும் என்பது. உங்கள் ஊரில் கடந்த இருபது ஆண்டில் வழக்கு, போராட்டம், இடம்பெயர்வு எதைச் சுற்றி நடந்தது என்று பாருங்கள். முட்டும் வரம்பைப் பெரும்பாலும் அதுவே காட்டிவிடும். விவசாயிகளிடமும், டேங்கர் லாரி ஓட்டுநர்களிடமும், கிணறு தோண்டுபவர்களிடமும் பேசுங்கள். போர் எத்தனை அடிக்குப் போகிறது என்பது அவர்களுக்கு அலுவலகத்தைவிட முன்னால் தெரியும்.

படி 3: வளர்ச்சியைச் சரியான எண்ணில் எடுங்கள்

மாநிலப் பொருளியல், புள்ளியியல் துறை மாவட்ட உள்நாட்டு உற்பத்தியைக் கணக்கிடுகிறது. நடப்பு விலைக் கணக்கை விட்டுவிட்டு நிலையான விலைக் கணக்கை எடுங்கள். இல்லாவிட்டால் விலைவாசி ஏறியதும் வளர்ச்சியாகத் தெரியும். ஏற்றுமதி மதிப்பில் கூடுதல் கவனம் வேண்டும். டாலர் மதிப்பு ஏறினால், ஒரு பனியன்கூட அதிகமாகத் தைக்காமலே ரூபாய்க் கணக்கு உயரும்.

அப்புறம், ரூபாய்க்குப் பக்கத்தில் ஒரு பொருள் அளவையும் கட்டாயம் வையுங்கள். திருப்பூருக்கு அது ஆண்டுக்கு எத்தனை டன் துணி சாயம் ஏறுகிறது என்பது. ஆறு ரூபாயைச் சுமப்பதில்லை, டன் கணக்கில் வரும் உப்பைத்தான் சுமக்கிறது. சிமெண்ட் ஊர் என்றால் சுண்ணாம்புக்கல் டன், தோல் ஊர் என்றால் பதனிட்ட தோலின் எடை.

படி 4: நிலத்தடி நீர்க் கணக்கு

இந்தியாவில் மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநிலத் துறைகளும் சேர்ந்து இந்தக் கணக்கைப் போடுகின்றன. ஆண்டில் எடுக்கத்தக்க நீரில் எத்தனை விழுக்காடு எடுக்கப்படுகிறது என்பதே அளவுகோல். 70 வரை பாதுகாப்பானது, 70 முதல் 90 வரை ஓரளவு அபாயம், 90 முதல் 100 வரை அபாயம், 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு. நாடு முழுவதற்குமான சராசரி 60 விழுக்காடு அளவில் இருக்கிறது. அந்தச் சராசரியைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். பஞ்சாபின் 150-க்கு மேற்பட்ட எண்ணும் அந்தச் சராசரிக்குள்தான் இருக்கிறது.

அறிக்கையில் உங்கள் பிர்காவின் எண் கிடைத்தாலும், ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள். எந்த எண் எவ்வளவு ஆட்டம் காட்டும் என்பது அப்போதுதான் புரியும். கொங்கு நிலத்தை ஒத்த ஒரு கற்பனைப் பிர்காவை எடுத்துக்கொள்வோம். பரப்பு 100 சதுர கிலோமீட்டர், ஆண்டு மழை 600 மில்லிமீட்டர்.

விழும் மழை: 100 சதுர கி.மீ. என்பது 10 கோடி சதுர மீட்டர். அதை 0.6 மீட்டரால் பெருக்கினால் 6 கோடி கன மீட்டர், அதாவது 60 மில்லியன் கன மீட்டர். ஒரு டி.எம்.சி. என்பது 28.3 மில்லியன் கன மீட்டர் என்பதால், இரண்டு டி.எம்.சி.யைவிடக் கொஞ்சம் அதிகம்.

உள்ளே இறங்குவது: கொங்குப் பகுதியின் அடியில் கடினப் பாறை. இப்படிப்பட்ட பாறைப் பகுதிகளுக்கு மழையில் சுமார் 5 முதல் 11 விழுக்காடுதான் நிலத்துக்குள் இறங்கும் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். 8 என்று வைத்தால் 4.8 மில்லியன் கன மீட்டர். குளம், வாய்க்கால், பாசன வயலிலிருந்து கசிந்து இறங்குவது இன்னும் 1.2 என்று வைப்போம். மொத்தம் 6.0. இதில் பத்தில் ஒரு பங்கை இயற்கையாக ஓடைக்கும் ஆற்றுக்கும் வெளியேற விட்டுவிட வேண்டும். எடுக்கத்தக்கது 5.4.

எடுப்பது: 1,100 பாசனக் கிணறுகள், ஒவ்வொன்றும் நாளுக்கு 20 கன மீட்டர், ஆண்டில் 200 நாள் என்றால் 4.4 மில்லியன் கன மீட்டர். 60,000 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 1.53. அதில் பாதி குழாய்த் திட்டத்தில் வெளியூரிலிருந்து வருகிறது என்று வைத்தால் மீதி 0.77. தொழிற்சாலைகள் 0.6. கூட்டினால் 5.77.

5.77-ஐ 5.4-ஆல் வகுத்தால் 107 விழுக்காடு. இந்தப் பிர்கா வரம்பைத் தாண்டிவிட்டது.

இப்போது 8 விழுக்காட்டுக்குப் பதில் 11 போட்டுப் பாருங்கள். மழையால் இறங்குவது 6.6 ஆகிறது, எடுக்கத்தக்கது 7.0 ஆகிறது, விகிதம் 82-க்கு இறங்கிவிடுகிறது. 5 போட்டால் எடுக்கத்தக்கது 3.8 மட்டுமே, விகிதம் 150-ஐத் தாண்டிவிடும். பாறையைப் பற்றிய ஒரே ஒரு ஊகம் மொத்தத் தீர்ப்பையும் மாற்றுகிறது. அதனால் எப்போதும் தாழ்ந்த மதிப்பு, நடு மதிப்பு, உயர்ந்த மதிப்பு என மூன்றையும் எழுதுங்கள். ஒற்றை எண்ணைத் தசமப் புள்ளியோடு அறிவிக்கும் எந்த அறிக்கையிலும், அந்த எண் எந்த ஊகத்தின் மேல் நிற்கிறது என்று கேளுங்கள்.

சரி, மூன்றில் எது உண்மைக்குக் கிட்டே இருக்கிறது? அதைக் கிணறு சொல்லும். மே மாதத்து நீர்மட்டத்தைப் பத்து ஆண்டுக்கு வரிசையாக எழுதுங்கள். திருப்பூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம் என்பதால், நிறைந்த மட்டத்துக்கு ஜனவரி அளவை எடுங்கள். சுமாரான மழை பெய்த ஆண்டுகளில்கூட மே மட்டம் தொடர்ந்து இறங்கினால், கணக்கு 82 என்று சொன்னாலும் கிணற்றை நம்புங்கள்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. இந்த விழுக்காடு அளவைப் பற்றியது, தரத்தைப் பற்றியது இல்லை. ஒரு பகுதியில் கிணற்று நீர் உப்பாகிவிட்டால் விவசாயி இறைப்பதை நிறுத்திவிடுவார். எடுக்கும் அளவு குறையும். அறிக்கையில் அந்தப் பகுதி பாதுகாப்பானது என்ற வகைக்குள் போய்விடக்கூடும். கெட்டுப்போனதால் கைவிட்ட கிணறுகளைத் தனியாக எண்ணுங்கள். அவை இருக்கும் பரப்பில் ஊறும் நீரை எடுக்கத்தக்க நீரிலிருந்து கழித்துவிட்டு மறுபடி விகிதம் போடுங்கள். ஆற்றோரக் கிராமங்களுக்கு நான் நம்புவது இந்த இரண்டாவது விகிதத்தைத்தான்.

படி 5: ஆறு எவ்வளவு தாங்கும்

சாயப்பட்டறையில் நிறம் துணியில் ஏறுவதற்கு உப்புப் போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் நிறத்தை நீக்க வழி இருக்கிறது. உப்பை நுண்ணுயிர் தின்னாது, வெயில் அழிக்காது, அது எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். அதனால் உப்பின் கணக்கு மிக நேர்மையான கணக்கு: உள்ளே வாங்கிய உப்பும் வெளியே போகும் உப்பும் சமமாக இருக்க வேண்டும்.

ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் சாயக் கரைசல், லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்று வைத்தால், கிலோ துணிக்கு 400 கிராம் உப்பு. நாளொன்றுக்கு 100 டன் துணி சாயம் ஏறும் ஊரில் 40 டன் உப்பு. கழிவுநீர் அளவைப் பற்றி யாரும் தகவல் தராவிட்டாலும் படி 3-இல் எடுத்த துணி டன்னை வைத்து இதைப் போட்டுவிடலாம். உப்பு வியாபாரம் எவ்வளவு நடக்கிறது என்பதைக் கொண்டு சரிபார்க்கவும் முடியும். எண்கள் பொருந்தாவிட்டால், மீதி உப்பு எங்கே போகிறது என்று தேட வேண்டிய இடம் தெரிந்துவிடும்.

அடுத்தது, ஆற்றின் பக்கம். கரைந்த திடப்பொருளை டி.டி.எஸ். என்று திருப்பூரில் எல்லோரும் சொல்வார்கள். வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் வரை அனுமதி. குடிநீருக்கு 500 வரை ஏற்றது, வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்திய தர அளவு.

நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் கழிவுநீர், டி.டி.எஸ். 7,000 என்று வையுங்கள். அதில் 70 டன் உப்பு இருக்கிறது. ஆற்றில் மேலே இருந்து வரும் நீரின் டி.டி.எஸ். 300. இரண்டும் கலந்தபின் 2,100-க்குள் இருக்க வேண்டுமானால், நாளொன்றுக்கு 2.7 கோடி லிட்டர் நல்ல நீர் ஆற்றில் ஓட வேண்டும். குடிநீர்த் தரமான 500-க்குள் இருக்க வேண்டுமானால் 32.5 கோடி லிட்டர் ஓட வேண்டும். கணக்கு எளிது: கழிவின் டி.டி.எஸ்.ஸிலிருந்து தர அளவைக் கழித்து, கழிவின் அளவால் பெருக்கி, தர அளவுக்கும் ஆற்று நீரின் டி.டி.எஸ்.ஸுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும்.

எந்தத் தர அளவை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆற்றின் தாங்குதிறன் பன்னிரண்டு மடங்கு மாறுகிறது. இது வெறும் கணக்குச் சிக்கல் இல்லை, யாருக்காக அளக்கிறோம் என்ற கேள்வி. கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களும் அதில் பயிர் வைப்பவர்களும் இருந்தால் அவர்களுக்குத் தேவையான தரத்தைத்தான் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆற்றின் ஓட்டத்தையும் ஆண்டுச் சராசரியாக எடுக்காதீர்கள். நொய்யல் பருவ ஆறு. கோடையில் மேலிருந்து நல்ல நீர் வருவதே இல்லாத நாட்கள் உண்டு. அந்த நாட்களில் தாங்குதிறன் பூஜ்யம். சராசரிப்படி ஆறு தாங்கும் என்று வந்தாலும், ஏப்ரல், மே மாதங்களில் ஓடுவது முழுக்கக் கழிவுதான். மாதவாரியாகப் போட்டு, மிக மோசமான மாதத்தையே வரம்பாக வையுங்கள். கழிவுநீரே வெளியேறக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னதைப் பலர் கடுமையானது என்றார்கள். மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், இப்படிப்பட்ட ஆற்றுக்கு வேறு பதில் கிடையாது என்பது விளங்கும்.

களத்தில் அளக்க, கையடக்க டி.டி.எஸ். மீட்டர் அதிக விலை இல்லை. ஊருக்கு மேலே ஒன்று, கழிவு சேரும் இடத்துக்குக் கீழே ஒன்று, பாசனம் தொடங்கும் இடத்தில் ஒன்று என இடங்களை நிலையாக வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை ஒரே நேரத்தில் எடுங்கள். கரையோரக் கிணறுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு ஒரு வெள்ளத்தில் தெளிந்துவிடும், கிணற்றில் இறங்கிய உப்பு பல ஆண்டு தங்கும்.

படி 6: காற்று, குப்பை, கரி

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகளுக்கு (நுண்துகள் 2.5) இந்தியாவின் ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்தது 5. இரண்டோடும் ஒப்பிட்டு எழுதுங்கள். திடக்கழிவுக்கு, நாள்தோறும் சேரும் டன்னையும் முறையாகக் கையாளும் டன்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். கரியமில வாயுவுக்கு வட்டார வரம்பு என்று இயற்கையில் ஒன்று கிடையாது, அது உலகம் முழுவதற்கும் பொதுவானது. பூமி பாதுகாப்பாகத் தாங்கும் அளவுக்கு என்று வகுத்த ஒன்பது எல்லைகளில் ஆறு தாண்டப்பட்டுவிட்டதாக 2023-இல் அறிவியலாளர்கள் கணித்தார்கள். அந்த எல்லைகளைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து ஊருக்கு இறக்கலாம், ஆனால் நொய்யலின் உப்பு அந்த ஒன்பதில் எதிலும் தெரியாது. நம் நுகர்வுக்கு எவ்வளவு நிலமும் கடலும் வேண்டும் என்று போடும் சூழல் காலடித்தடக் கணக்குக்கும் இதே குறை உண்டு. அதில் பாதிக்கு மேல் கரியே நிறைந்திருப்பதால், ஒரு வடிநிலத்தின் குறிப்பிட்ட நோய் அதில் அடங்காது. நாடுகளை ஒப்பிட அது உதவும், ஒரு பிர்காவுக்கு உதவாது.

படி 7: வளர்ச்சியும் சுமையும் பிரிகின்றனவா

உற்பத்தி கூடுகிறது, தண்ணீர்ச் செலவு அந்த அளவு கூடவில்லை, ஆகவே எல்லாம் நலம் என்று அறிக்கைகள் எழுதுவார்கள். இதைச் சோதிக்க ஒரு விகிதம் இருக்கிறது: சுமை (தண்ணீர் எடுப்பு, கழிவு போன்றவை) கூடிய விழுக்காட்டை வளர்ச்சி விழுக்காட்டால் வகுப்பது. பின்லாந்தின் சாலைப் போக்குவரத்தை ஆராய்ந்த பெட்ரி தாப்பியோ 2005-இல் இதற்கு எல்லைகள் வகுத்தார். பொருளாதாரம் வளரும் நிலையில், விகிதம் 0.8 முதல் 1.2 வரை என்றால் வளர்ச்சியும் சுமையும் ஒன்றாகவே போகின்றன. 0 முதல் 0.8 வரை என்றால் பலவீனமான பிரிவு. 0-க்குக் கீழே, அதாவது வளர்ச்சி கூடும்போது சுமை குறைந்தால், உறுதியான பிரிவு. 1.2-ஐ மிஞ்சினால் சுமை வளர்ச்சியைவிட வேகமாக ஏறுகிறது.

பத்து ஆண்டில் பொருளாதாரம் 50 விழுக்காடு கூடியது, தண்ணீர் எடுப்பு 20 விழுக்காடு கூடியது என்றால் விகிதம் 0.4. பலவீனமான பிரிவு என்று பட்டம் கிடைக்கும். நம் கற்பனைப் பிர்கா ஏற்கெனவே 107-இல் இருக்கிறதே! அதன் மேல் 20 விழுக்காடு கூடினால் 128. திறன் மேம்பட்டது உண்மை, கிணறு வற்றுவதும் உண்மை. வரம்புக்குக் கீழே இருக்கும் இடத்தில் பலவீனமான பிரிவு கொஞ்ச காலம் வாங்கித் தரும். வரம்பைத் தாண்டிய இடத்தில் உறுதியான பிரிவைத் தவிர வேறு எதற்கும் மதிப்பில்லை. அதனால் இந்த விகிதத்தைத் தனியாக ஒருபோதும் அச்சிடாதீர்கள், படி 4, 5-இல் வந்த எண்ணின் பக்கத்தில் வையுங்கள்.

எவ்வளவு வேகமாகத் திறன் கூட வேண்டும் என்பதையும் போட்டுவிடலாம். ஆண்டுக்கு 8 விழுக்காடு வளரும் பொருளாதாரம் ஒன்பது ஆண்டில் இரட்டிப்பாகும். மொத்தத் தண்ணீர்ச் செலவு இப்போதுள்ள அளவிலேயே நிற்க வேண்டுமானால்கூட, ஒரு ரூபாய் உற்பத்திக்கான தண்ணீர் ஆண்டுதோறும் 7.4 விழுக்காடு குறைய வேண்டும். 107-இலிருந்து 90-க்குப் பத்து ஆண்டில் வர வேண்டுமானால் 9 விழுக்காடு குறைய வேண்டும், அதுவும் பத்து ஆண்டும் தொடர்ந்து. உங்கள் ஊரில் கடந்த பத்து ஆண்டில் உண்மையில் எவ்வளவு குறைந்தது என்று பாருங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் திட்டமிடுபவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

படி 8: சுமை எங்கே நகர்ந்தது

பலரும் விட்டுவிடும் படி இது. ஒரு வட்டாரம் தன் வரம்புக்குள் வந்துவிட்டதாகத் தெரிந்தால், சுமை குறைந்ததா, இடம் மாறியதா என்று கேட்க வேண்டும்.

திருப்பூருக்குள்ளே வரும் தண்ணீரை முதலில் எடுங்கள். 2000களின் நடுவில், தனியார் பங்கேற்போடு தொடங்கிய புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தின் திட்டம் நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் வழங்கும் திறனோடு அமைக்கப்பட்டது. முழுத் திறனில் ஓடினால் ஆண்டுக்கு சுமார் 2.4 டி.எம்.சி. இந்தத் தண்ணீர் வெளியிலிருந்து, காவிரி வடிநிலத்தின் வேறொரு பகுதியிலிருந்து வருகிறது. திருப்பூரின் நிலத்தடி நீர் அதனால் ஓரளவு தப்பிக்கலாம். நன்மைதான். ஆனால் அந்த 2.4 டி.எம்.சி.யையும் திருப்பூரின் செலவுக் கணக்கிலேயே எழுத வேண்டும்.

அடுத்து, பருத்தி. ஒரு டி-சர்ட்டுக்கு வேண்டிய பருத்தி விளைந்து துணியாகும்வரை சுமார் 2,500 முதல் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதில் மிகப் பெரும்பகுதி பருத்தி வயலில் செலவாவது, திருப்பூரில் இல்லை. குஜராத்திலோ மகாராஷ்டிரத்திலோ செலவான தண்ணீர் அது. தனி வரியில் குறியுங்கள், உள்ளூர்க் கணக்கோடு கூட்டிவிடாதீர்கள்.

மூன்றாவது, ஜீரோ டிஸ்சார்ஜ், அதாவது கழிவுநீரை வெளியே விடாத முறை. 2011-க்குப் பிறகு பொது சுத்திகரிப்பு நிலையங்கள் எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் நீரை வடிகட்டி மீட்டு, மிச்சமாகும் அடர் உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிக்கின்றன. மீட்ட நீரும் உப்பின் ஒரு பகுதியும் மறுபடி பட்டறைக்கே போகின்றன. இவ்வளவு பெரிய அளவில் இதைச் சாதித்துக் காட்டியது திருப்பூருக்குப் பெருமைதான், நான் மனதார மதிக்கும் உழைப்பு அது. இருந்தாலும் கணக்குப் புத்தகத்தை மூட முடியாது. காய்ச்சுவதற்கு மின்சாரமும் விறகும் வேண்டும். மறுபடி பயன்படுத்த முடியாத கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. ஆற்றில் இருந்த சுமையில் ஒரு பங்கு எரிபொருளாகவும் ஒரு பங்கு கிடங்காகவும் மாறியிருக்கிறது. மீட்ட ஒவ்வொரு ஆயிரம் லிட்டருக்கும் எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை கிலோ விறகு, எத்தனை கிலோ கசடு என்று நிலையங்களிடம் கேட்டு வாங்குங்கள். கிடங்கில் இன்னும் எத்தனை ஆண்டுக்கு இடம் இருக்கிறது என்பதும் ஒரு வரம்புதான்.

நான்காவது, பட்டறைகளே இடம் மாறுவது. ஒரு இடத்தில் கட்டுப்பாடு கடுமையானால் வேலை கண்காணிப்புக் குறைந்த இடத்துக்குப் போகும். திருப்பூரில் தைக்கும் துணி டன்னையும் திருப்பூரில் சாயம் ஏறும் டன்னையும் ஒப்பிட்டால், வெளியே சாயம் ஏறி வருவது எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்த வித்தியாசத்தைக் கிலோவுக்கு 400 கிராம் உப்பு என்று பெருக்கினால் வேறு ஏதோ ஒரு ஆற்றங்கரையில் இறங்கக்கூடிய உப்பின் அளவு கிடைக்கும்.

படி 9: யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கெட்டது

வரம்பு தாண்டியதன் விலையை வளர்ச்சியின் பலனை அனுபவிப்பவர்களே கொடுப்பது அபூர்வம். வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசு செய்பவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அந்தத் தீர்ப்பையொட்டி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் நொய்யல் விவசாயிகளுக்கான இழப்பீட்டையும் மதிப்பிட்டது. உங்கள் அறிக்கையிலும் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: கைவிட்ட கிணறுகள், பயிர் மாற்றிய ஏக்கர், குடிநீருக்கு டேங்கரை நம்பும் குடும்பங்கள். கூடவே, தொழிலால் வேலை பெற்றவர்களின் எண்ணிக்கையும் கூலியும். இரண்டையும் ரூபாயாக்கி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்காதீர்கள். கெட்ட கிணறும் கிடைத்த கூலியும் பெரும்பாலும் ஒரே வீட்டில் இருப்பதில்லை.

படி 10: தீர்ப்பை எழுதுவது

எல்லாவற்றையும் கலந்து ஒரே மதிப்பெண் ஆக்கும் ஆசை வரும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் 88 தொழில் தொகுப்புகளுக்கு அப்படி ஒரு குறியீடு போட்டு, 43 இடங்களைக் கடுமையாக மாசடைந்தவை என்றது. தமிழ்நாட்டில் வேலூர், கடலூர், மணலி, கோவை அந்தப் பட்டியலில் வந்தன. கவனத்தை ஈர்க்க அது உதவியது. ஆனால் ஒரே மதிப்பெண்ணில், நல்ல காற்று கெட்ட தண்ணீரை ஈடுகட்டிவிடும். நிஜத்தில் ஈடுகட்டாது. கோடையில் கிணறு வற்றியவருக்குக் காற்று சுத்தமாக இருப்பது விடை ஆகாது.

ஒவ்வொரு வளத்துக்கும் ஒரு வரி வைத்து ஒரு அட்டவணை போடுங்கள். வரிசையில்: இப்போதைய சுமை, வரம்பு, இரண்டின் விகிதம் (தாழ்ந்த, நடு, உயர்ந்த மதிப்புகள்), பத்து ஆண்டுப் போக்கு, வெளியே நகர்ந்த சுமை. விகிதங்களைச் சராசரி எடுக்காதீர்கள், எது மோசமாக இருக்கிறதோ அதுவே வட்டாரத்தின் நிலை. மூன்று மதிப்பும் 100-க்கு மேல் என்றால் தாண்டிவிட்டது என்று தயங்காமல் எழுதுங்கள். நடு மதிப்பு 90-ஐத் தாண்டி, போக்கும் ஏறுமுகம் என்றால், புதிய அனுமதிகளை நிறுத்தி வைக்க அதுவே போதிய காரணம். மூன்று மதிப்பும் 70-க்குக் கீழே இருந்து கிணற்று மட்டமும் நிலையாக இருந்தால், இன்னும் இடம் இருக்கிறது என்பதையும் அதே நேர்மையோடு எழுத வேண்டும். தொழில் நடத்துபவர்கள் உங்கள் அறிக்கையை நம்புவது அப்போதுதான்.

தரவு எங்கே கேட்பது என்று பலர் கேட்பார்கள். நிலத்தடி நீருக்கு மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநில நீர்வளத் துறையும், கழிவுநீருக்கு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், குடிநீர்த் திட்டங்களுக்குக் குடிநீர் வடிகால் வாரியம். தகவல் மனுவில் ஆண்டையும் பிர்காவையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். புவியீர்ப்பின் மாற்றத்தைக் கொண்டு நிலத்தடி நீரைக் கணிக்கும் செயற்கைக்கோள் அளவீடுகள் லட்சம் சதுர கிலோமீட்டர் கணக்கிலான பெரும் பரப்புக்குத்தான் பொருந்துபவை. சுமார் 5,200 சதுர கி.மீ. உள்ள திருப்பூர் மாவட்டத்துக்கே அவை பெரிய சட்டை, பிர்காவுக்குச் சொல்லவே வேண்டாம்.

முதல் அட்டவணையை முடிக்க ஒரு முழு நீர் ஆண்டு வேண்டும், ஜனவரியிலிருந்து அடுத்த ஜனவரி வரை. முடிந்ததும் அதைச் சாயப்பட்டறைச் சங்கத்துக்கும் ஆயக்கட்டு விவசாயிகளுக்கும் ஒரே நாளில் கொடுத்து, எண்களில் குறை சொல்லச் சொல்லுங்கள். இரு தரப்பும் மறுக்காத எண்களை முதல் பக்கத்தில் அச்சிடுங்கள், மறுக்கப்பட்டவற்றை யார் எதற்காக மறுத்தார்கள் என்ற குறிப்போடு இரண்டாம் பக்கத்தில் வையுங்கள். அதன் பிறகு கிராம சபைக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டு, அடுத்த மே மாத அளவீட்டுக்கான கிணறுகளின் பட்டியலைத் தயார் செய்யுங்கள்.